ஓரத்தில் எழுதியவள்

அத்தியாயம் ஒன்பது

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கே கணவர் பெரியவளின் அறைக்குள் போய்ச் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் ஒரு சணல் உருண்டை, ஒரு கட்டிங் பிளேயர். அலமாரியிலிருந்த புத்தகங்களை ஐந்தைந்தாக அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். லிப்ட் மெக்கானிக்கின் முடிச்சு அது. ஒருமுறை இறுக்கிவிட்டால் அவரே நினைத்தாலும் விரலால் அவிழ்க்க முடியாது.

மாத்திரையம்மாள் டீ டம்ளரோடு வாசற்படியிலேயே நின்றாள்.

"புத்தகக் கடைக்காரர் எத்தனை மணிக்கு வர்றாரு?"

"அஞ்சுக்கு. நீ வேலை முடிஞ்சதும் நேரா வந்துடு. அறையைக் கழுவி விடணும். நாளைக்கு மத்தியானம் தம்பியை டிஸ்சார்ஜ் பண்றாங்க."

கணவரின் தம்பிக்கு இடுப்பில் ஆபரேஷன். மனைவி கிடையாது. அவர் இருக்கும் வீட்டுக்கு மூன்று மாடி ஏற வேண்டும். இங்கே வந்து மூன்று மாதம் படுத்திருக்காமல் வேறு எங்கே போவார்? யார் மேலும் பழி போட முடியாத காரணம். அதனாலேயே அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"மத்ததெல்லாம் கொடுத்துடுங்க. இந்த இருபத்து மூணு மட்டும் இருக்கட்டும். கட்டிலுக்கு அடியில வெச்சுக்கறேன்."

"எத்தனை படிச்சிருக்கே?"

"பதினொண்ணு. பன்னெண்டு பாதியில நிக்குது."

"பதினொண்ணுல என்ன கிடைச்சுது?"

அவள் டீயைக் குடித்தாள்.

"நீ ராவும் பகலும் இதுலயே முகத்தைப் புதைச்சுக்கிட்டு உக்காந்திருக்கே. பார்க்க முடியல எனக்கு. போகட்டும் விடு."

இந்தக் குடும்பத்தின் கதையை முதலிலிருந்து படித்து வருகிறவர்களுக்கு எல்லாம் தெரியும். இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன்.

மாத்திரையம்மாளுக்கு வயது ஐம்பத்தொன்று. இருபத்தாறு வருஷமாக ஒரே மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கிறாள். அந்தப் பட்டப்பெயர் சின்ன மகள் வைத்தது. பெரியவளுக்கு இருபத்து நான்கு. பதினோரு மாதத்துக்கு முன் ஒரு புதன்கிழமை, ஒற்றைப் பையோடு வீட்டைவிட்டுப் போனாள். 'என்னைத் தேடாதீங்க' என்று கைப்பேசியில் ஒரு வரி வந்தது. அதன் பிறகு அந்த எண் உயிரோடு இல்லை. போலீஸ் நிலையத்தில் வயதைக் கேட்டார்கள், அந்த ஒரு வரியைப் பார்த்தார்கள், தானாகப் போன பெரிய பெண் என்று சொல்லித் தாளை மடித்து வைத்துவிட்டார்கள்.

பெண் இருக்கிறாளா, இல்லையா? கணவனும் மனைவியும் இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்டதே இல்லை. தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். எடுத்துப் பேசியவர் "ஒண்ணுமில்ல, விளம்பரம்" என்று சொல்லும்வரை மற்றவருக்கு மூச்சு வராது. பதினோரு மாதம் இப்படியே ஓடிவிட்டது.

பெரியவள் விட்டுப் போனது ஒரு அலமாரிப் புத்தகம். அதில் ஜப்பானியப் படக்கதை, மாங்கா என்பார்களே, அது மட்டும் இருபத்து மூன்று. எல்லாம் ஒரே கதைதான். தீயணைப்பு நிலையத்தில் வேலைக்குச் சேரும் ஒரு பெண்ணின் கதை. அவற்றின் ஓரங்களில் பென்சிலால், பொடிப்பொடியாக, ஜப்பானிய எழுத்தில் பெரியவளின் குறிப்புகள். ஏன் போனாள் என்று ஒரு சொல்லாவது விட்டுப் போயிருந்தால் அது இங்கேதான் இருக்கும் என்று மாத்திரையம்மாள் முடிவு கட்டினாள். எந்த டாக்டரின் கிறுக்கலையும் படித்துவிடுகிற கண் அவளுடையது. பெற்ற பெண்ணின் கையெழுத்தைப் படிக்க முடியாதா என்ன? மகள் போன மூன்றாம் வாரம் நோட்டு வாங்கி, எழுத்திலிருந்து ஆரம்பித்தாள்.

பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. முதல் புத்தகத்தை நம் புத்தகம்போல இந்தப் பக்கமிருந்து புரட்டினாள். கதாநாயகி முதல் பக்கத்தில் அழுதாள், கடைசிப் பக்கத்தில் பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்று தெரிய ஒரு வாரம் ஆயிற்று. பக்கம் முழுக்க அடைத்துக்கொண்டு நின்ற ஒரு பெரிய எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். கடைசியில் பார்த்தால் அது கதவு சாத்துகிற சத்தம்.

அப்போதுதான் சின்னவள் இணையத்தில் ஒரு குழுவில் அவளைச் சேர்த்துவிட்டாள். மாங்கா வழியாக ஜப்பானிய மொழி படிக்கிறவர்களின் குழு. புரியாத பக்கத்தைப் படமெடுத்துப் போட்டுக் கேட்கலாம். ஒரே ஒரு சட்டம்: முதலில் உன் ஊகத்தை எழுது, அப்புறம் கேள். இது அவளுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஊகத்தில் மருந்து கொடுத்தால் ஆள் போய்விடுவான். ஆனாலும் எழுதினாள், தப்புத்தப்பாக எழுதினாள். குழுவை நடத்துகிற 'முயல்காது' என்பவர் முகம் சுளிக்காமல் திருத்திக் கொடுத்தார். ஓரக் குறிப்புகளையும் அவள் அதே பக்கங்களோடு படமெடுத்துப் போட்டாள். யார் எழுதியது என்று அவர் ஒருமுறை கேட்டபோது, "பழைய புத்தகக் கடையில் வாங்கினது, யாரோ எழுதியிருக்காங்க" என்று பதில் எழுதினாள். வீட்டு விஷயத்தை ஊருக்கெல்லாம் சொல்லுவானேன் என்று நினைத்தாள்.

சரி, சனிக்கிழமைக்கு வருவோம்.

"இருபத்து ரெண்டுதான் இருக்கு. பன்னெண்டைக் காணோம்" என்றார் கணவர்.

"என் பையில இருக்கு."

"சாயங்காலம் கொண்டு வந்துடு. செட்டு உடைஞ்சா அவன் எடுக்க மாட்டான்."

அவள் டம்ளரைக் கழுவாமலே வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

*

மருந்துக்கடையில் சனிக்கிழமை காலை மூச்சுவிட நேரம் இருக்காது. சளி, காய்ச்சல், முழங்கால் வலி, சர்க்கரை. பதினோரு மணிவாக்கில் ஒரு ஆள் சீட்டை நீட்டினார். மூன்று கடை ஏறி இறங்கிவிட்டாராம், யாருக்கும் எழுத்து புரியவில்லையாம். மாத்திரையம்மாள் ஒரு பார்வை பார்த்தாள். "காதுக்குச் சொட்டு மருந்து. ரெண்டு வேளை, அஞ்சு நாள்" என்று எடுத்து வைத்தாள்.

"எப்படிம்மா படிக்கிறீங்க இதை?" என்றார் அந்த ஆள்.

"மனுஷன் எழுதினதுதானே" என்றாள். வழக்கமாகச் சொல்வதுதான். மற்ற நாளில் கொஞ்சம் பெருமையாகச் சொல்வாள்.

கூட்டம் வடிந்ததும் பின்பக்கத்துச் சரக்கறைக்குப் போனாள். அட்டைப்பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்தாள். நேற்று சாயங்காலம் பன்னிரண்டாவது புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் போட்டிருந்தாள். தீயணைப்பு வண்டி கிளம்புகிற பக்கம். அதன் ஓரத்தில் ஐந்து வரிக் குறிப்பு. எப்போதும் காலை பத்து மணிக்குள் பதில் போட்டுவிடுகிற முயல்காது இன்று வாயே திறக்கவில்லை.

ஐந்து மணிக்குப் புத்தகம் கை விட்டுப் போய்விடும். பதிலுக்காகக் காத்திருக்க முடியாது. அவள் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்து மடியில் விரித்தாள். இருமல் மருந்து அட்டை ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கம் ஒவ்வொரு சொல்லாக எழுதத் தொடங்கினாள். இன்று. அம்மா. பை. முதல் மூன்றும் தண்ணீர் பட்ட பாடாக வந்தன. நாலாவதற்கு நோட்டைப் புரட்டினாள். திற. பிறகு 'அப்படியே'. பிறகு 'ஜிப்'. கால் மணி நேரத்தில் ஐந்து வரியும் வந்துவிட்டன. முதல் முதலாக யாரையும் கேட்காமல் ஒரு குறிப்பை முழுசாகப் படித்துவிட்டாள்.

அட்டையில் இருந்தது இதுதான்:

'இன்று அம்மா என் பையைத் திறந்து பார்த்திருக்கிறாள். எல்லாம் வைத்தது வைத்தபடியே இருக்கிறது. ஜிப்பைக்கூட நான் பாதியில் விட்ட இடத்திலேயே விட்டிருக்கிறாள். இந்த எழுத்து மட்டும்தான் அவளுக்குத் தெரியாது. இங்கே மட்டும் நான் தனியாக இருக்கலாம்.'

அவள் மறுபடி படித்தாள். ஊகத்துக்கு இடமே இல்லை. ஒரு சொல்கூடத் தப்பில்லை.

பையைத் திறந்தது உண்மை. பையை மட்டுமா? பெண்களுக்கு வரும் கடிதம், மேஜை இழுப்பறை, கைப்பேசி, குப்பைக்கூடையில் கசக்கிப் போட்ட தாள் வரைக்கும் அவள் பார்க்காமல் விட்டதில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பெண்களை வளர்த்தவள் என்று தன்னைப் பற்றி அவளே சொல்லிக்கொள்வாள். 'பெத்தவளுக்குத் தெரியாம ஒளிச்சு வைக்க என்ன இருக்கு?' என்பது அவள் கேட்கிற கேள்வி. பெரியவளுக்குப் பதினைந்து வயதில் டைரி எழுதும் பழக்கம் இருந்தது. அதைப் படித்துவிட்டு, வகுப்பில் ஒரு பையனைப் பற்றி எழுதியிருந்ததைச் சாப்பிடும்போது எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். பெண்ணும் சிரித்த மாதிரிதான் இருந்தது. மறுநாளிலிருந்து டைரி இல்லை. அடுத்த வருஷம் ஜப்பானிய மொழி படிக்க வேண்டும் என்று கேட்டாள். 'எங்க பெரியவளுக்கு மொழின்னா உசுரு' என்று மாத்திரையம்மாள் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டாள்.

மொழி ஆசையில் படிக்கவில்லை. அம்மாவின் கண்ணிலிருந்து தப்பிக்கப் படித்திருக்கிறாள். ஏழெட்டு வருஷம் முட்டிமோதி, அம்மா வர முடியாத ஒரு இடத்தைக் கட்டி வைத்திருக்கிறாள். அந்த இடத்துக்குள்ளும் மாத்திரையம்மாள் இப்போது நோட்டும் பேனாவுமாக நுழைந்துவிட்டாள். நுழைந்தது மட்டுமில்லாமல் படமெடுத்து ஊருக்கும் காட்டியிருக்கிறாள். வெட்கத்தில் அவளுக்குக் காதுமடல் சுட்டது.

நேற்றுப் போட்ட படத்தையாவது எடுத்துவிடலாம் என்று கைப்பேசியைத் திறந்தாள். படம் இல்லை. 'இந்தப் பதிவு நீக்கப்பட்டது' என்று இருந்தது. அதற்கு முந்தையதும் இல்லை. அதற்கும் முந்தையதும் இல்லை. எட்டு மாதமாகப் போட்ட ஓரக் குறிப்புகள் அத்தனையும் துடைத்தாற்போல் போயிருந்தன. தீயணைப்புப் பெண்ணின் வசனம் மட்டும் உள்ள பக்கங்களை யாரும் தொடவில்லை.

தனிச்செய்தியாக முயல்காது எழுதியிருந்தார்.

'மாத்திரை அம்மா, இந்த ஓரக் குறிப்புகளை எழுதியவர் இன்று காலை எனக்கு எழுதினார். முன்பு நம் குழுவில் இருந்தவர். அடையாளத்துக்கு அதே கையெழுத்தில் ஒரு வரி எழுதிப் படம் அனுப்பினார். உங்கள் மகள் என்றார். படங்களை எடுத்துவிடச் சொன்னார், எடுத்துவிட்டேன். அவர் இருக்கும் இடமோ எண்ணோ என்னிடம் கேட்காதீர்கள், கொடுக்க மாட்டேன். பழைய புத்தகக் கடையில் வாங்கியது என்று சொன்னீர்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் முதல் படத்திலேயே நிறுத்தியிருப்பேன்.'

அவள் 'உங்கள் மகள்' என்ற இடத்தைத் தாண்டவில்லை. இன்று காலை. இன்று காலை எழுதினாள். பேனா பிடித்து எழுதினாள், படமெடுத்தாள், அனுப்பினாள். இருக்கிறாள். என் பெண் உயிரோடு இருக்கிறாள்.

சரக்கறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் முந்தானையோ கைக்குட்டையோ எது கிடைத்ததோ அதை அடைத்துக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான் அழ ஆரம்பித்தாள். மிச்ச வாக்கியங்களைப் படித்து முடித்தபோது அழுகை வேறு மாதிரி ஆகிவிட்டது.

*

நாலு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டாள். கணவர் காலியான அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். புத்தகக் கட்டுகள் சுவரோரம் வரிசையாக நின்றன.

"உக்காருங்க. ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு, கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்."

"இல்ல, உக்காருங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். துணி கையிலிருந்து நழுவியது. உட்கார்ந்தார். அவர் என்ன செய்திக்குத் தயாராகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. அதனால் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"இருக்கா. நல்லாயிருக்காளான்னு தெரியாது. இருக்கா."

கைப்பேசியை அவர் கையில் கொடுத்தாள். அவர் மூக்குக்கண்ணாடி இல்லாமல், எட்டப் பிடித்து, உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார். முடித்ததும் எழுந்து குளியலறைக்குப் போனார். குழாயைத் திறந்துவிட்டார். வாளி நிரம்பி வழிகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. வெளியே வந்தபோது முகம் துடைத்திருந்தார், கண்ணைத் துடைக்கத்தான் முடியவில்லை.

வந்தவர் நேராகப் பிளேயரை எடுத்தார். முதல் கட்டின் கயிற்றை வெட்டினார். அடுத்தது, அதற்கடுத்தது.

"என்ன பண்றீங்க?"

"உக்காந்து படி. மிச்சத்துல எங்கயாவது எழுதியிருப்பா. எந்த ஊரு, யாரு கூட, ஏதாவது இருக்கும். நீ படிச்சுச் சொல்லு, நான் போய்க் கூட்டிட்டு வர்றேன்."

"படிக்க மாட்டேன்."

"என்னது?"

"அவ வேணாம்னு சொல்லியிருக்கா. படிச்சீங்களே."

"படத்தைத்தானே எடுக்கச் சொன்னா? புத்தகம் நம்ம வீட்டுல இருக்கு. நீ படிக்கிறது யாருக்குத் தெரியப் போகுது?"

அவள் இருமல் மருந்து அட்டையைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். இதை அவர் இன்னும் நிதானமாகப் படித்தார். படித்து முடித்த பிறகும் அட்டையைத் திருப்பித் தரவில்லை.

"என்னாலதான் போயிருக்கா" என்றாள் மாத்திரையம்மாள். "எனக்குத் தெரியாம இருக்கணும்னுதான் அவ அந்த எழுத்தையே கத்துக்கிட்டா. நான் அங்கயும் போய் நின்னுட்டேன்."

"அந்த டைரிக்கு நானும்தானே சிரிச்சேன்" என்றார் அவர். அட்டையில் இல்லாத டைரி அவருக்கும் உடனே ஞாபகம் வந்தது என்றால், அவரும் அதைத்தான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

அழைப்புமணி அடித்தது. புத்தகக் கடைக்காரர் பத்து நிமிஷம் முன்னதாகவே வந்து நின்றார். கணவர் கதவைப் பாதி திறந்து, "இன்னிக்கு இல்லீங்க, மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிச் சாத்தினார். திரும்பி வந்து கடைசிக் கட்டையும் வெட்டி, இருபத்து மூன்றாவது புத்தகத்தை உருவினார். கடைசிப் பக்கத்தைத் திறந்தார். இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று ஒரு நொடி குழம்பித் திருப்பினார். கதை முடிந்த பக்கத்தில் பாதி வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளை முழுக்கப் பென்சில் எழுத்து.

"இத்தனை எழுதியிருக்கா பார்."

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"பதினோரு மாசமா நான் உன்னை ஒண்ணும் கேக்கல. சமைச்சியா, தூங்கினியான்னுகூடக் கேக்கல. இப்போ கேக்கறேன். இதை மட்டும் படிச்சுச் சொல்லு."

"கேக்காதீங்க."

"நீ படிக்காட்டிப் போ. படமெடுத்துப் போட்டா வேற யாராவது படிச்சுச் சொல்லுவாங்க. இந்த ஒரு குழுதானா உலகத்துல?"

அவர் அழிச்சாட்டியம் பண்ணுகிற மனிதர் இல்லை. வேலையிடத்தில் நடுவழியில் நின்றுபோன லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் பொறுமையாகப் பேசிப் பேசியே வெளியே கொண்டுவருகிறவர். இன்று அந்தப் பொறுமை முழுசும் தீர்ந்துவிட்டிருந்தது. கைப்பேசியை அந்தப் பக்கத்துக்கு மேல் பிடித்துப் பொத்தானைத் தேடினார்.

அந்த நேரத்தில் சின்னவள் வந்தாள். பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்காருகிற வேலை அவளுக்கு. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, வெட்டிப் போட்ட கயிறுகளையும் அப்பாவின் கையையும் பார்த்தாள்.

"சின்னவளே, நீ வா. இதை எங்க போடணும்னு காட்டு. உங்கம்மா மாட்டேங்கிறா."

"வேணாம்பா."

"உனக்கு விஷயம் தெரியாது. உங்கக்கா..."

"போடாதீங்கப்பா. போட்டா அக்கா என்கிட்டயும் பேச மாட்டா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

கணவர்தான் முதலில் வாய் திறந்தார்.

"எத்தனை நாளா?"

"ஆரம்பத்துலேர்ந்து."

"பதினோரு மாசமா?"

"சத்தியம் வாங்கிட்டாப்பா. சொன்னா வேற எங்கயாவது போயிடுவேன்னா. அம்மா அவளோட குறிப்பைப் படமெடுத்துப் போடறது எனக்கே நேத்துதான் தெரிஞ்சுது. வசனம்தான் கேக்கறாங்கன்னு நெனச்சேன். நேத்து ராத்திரி அவகிட்ட சொன்னேன்."

"உன் போனை நான் வாரா வாரம் பாக்கறேனே" என்றாள் மாத்திரையம்மாள். வாய் தவறி வந்துவிட்டது. வந்த பிறகு விழுங்க முடியாது.

"தெரியும்மா. அதனாலதான் 'லேப்'னு பேர் போட்டு வெச்சிருக்கேன்."

லேப். மாத்திரையம்மாளுக்கு அந்தச் செய்திகள் நன்றாக ஞாபகம் இருந்தன. 'மேல் தாடை சரியாகப் பொருந்துகிறது.' 'இரண்டு பல் ஆடுகிறது, பயம் இல்லை.' 'புது செட் இந்த வாரம் தயார்.' பல் கட்டித் தருகிறவர்கள் அனுப்பும் தகவல் என்று நினைத்து வேகமாகத் தள்ளிவிட்டுப் போவாள். மகளுக்கு வேலை கிடைத்ததும், காய்ச்சல் வந்ததும், வீடு மாறியதும் அவள் கட்டைவிரலுக்கு அடியிலேயே ஓடிப் போயிருக்கின்றன. எல்லாவற்றையும் பார்த்தாள், ஒன்றையும் தெரிந்துகொள்ளவில்லை.

கோபம் வரவேண்டிய இடம். ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு, தாயும் தகப்பனும் சாகாமல் சாவதைப் பார்த்துக்கொண்டிருந்தவளை என்ன சொன்னாலும் தகும். ஆனால் சின்னவளின் கன்ன எலும்பு துருத்திக்கொண்டிருந்ததை மாத்திரையம்மாள் இன்றுதான் கவனித்தாள். இந்தப் பதினோரு மாதத்தில் அவளும் பாதியாகிவிட்டிருந்தாள்.

சின்னவள் கைப்பேசியை மேஜைமேல் வைத்து அம்மாவின் பக்கம் தள்ளினாள்.

"பாரும்மா. எப்படியும் நீ பார்க்காம இருக்க மாட்டே."

கை தானாக நீண்டது. பழகிய கை. பூட்டைத் திறக்கிற நாலு எண்ணும் அந்த விரல்களுக்கு மனப்பாடம். மாத்திரையம்மாள் இரண்டு கையையும் இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள்.

"நீயே எழுது. அம்மா ஒரு கேள்வி கேக்கலாமான்னு கேக்கறா, சரியான்னு கேளு."

சின்னவள் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு எழுதி அனுப்பினாள். மூன்று பேரும் அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, யாரும் போய் நிறுத்தவில்லை.

பதில் வந்தது. சின்னவள் முகத்தைச் சுளித்தாள். "ஜப்பான் எழுத்துல எழுதியிருக்கா. எனக்குத் தெரியாதே."

அவள் திருப்பிக் காட்டினாள். மாத்திரையம்மாளுக்கு நோட்டு தேவைப்படவில்லை.

"என்ன கேள்வின்னு கேக்கறா."

"எங்க இருக்கான்னு கேளு" என்றார் கணவர். "இல்ல, எப்போ வர்றான்னு கேளு. உடம்பு எப்படி இருக்குன்னு... இல்ல, முதல்ல எங்கன்னு கேளு."

கேட்க அவளிடம் ஆயிரம் இருந்தது. கேட்க உரிமை இருப்பது எது என்று தேடினால் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். ஒவ்வொரு எழுத்தாக, முதல் வகுப்புப் பிள்ளை எழுதுவதுபோல் பெரிது பெரிதாக எழுதினாள். சின்னவள் அதைப் படமெடுத்து அனுப்பினாள்.

"என்ன எழுதினே?" என்றார் கணவர்.

"மீதியைப் படிக்கலாமான்னு கேட்டிருக்கேன்."

அவருக்கு அது வீணாய்ப் போன கேள்வியாகத் தோன்றியிருக்கும். ஆனாலும் அவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழு நிமிஷம் ஆயிற்று. இந்த முறை வந்தது படம். ஏதோ ரசீதின் பின்பக்கத்தில், பென்சிலால், பொடிப்பொடியாக ஒரே ஒரு சொல். இன்றைக்கு, சற்று முன், எங்கேயோ ஒரு மேஜையில் உட்கார்ந்து எழுதியது. படத்தின் ஓரத்தில் கட்டைவிரல் நுனி கொஞ்சம் தெரிந்தது. மாத்திரையம்மாள் முதலில் அந்த நகத்தைத்தான் பார்த்தாள்.

"என்ன சொல்றா?"

"படிக்காதேங்கிறா."

பதினோரு மாதத்தில் மகள் தாய்க்கென்று எழுதிய இரண்டாவது வரி. அதைப் படிக்க யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் தலையை ஆட்டினாள், அங்கே இருக்கிறவளுக்குத் தெரியும் என்பதுபோல.

"சரின்னு எழுதிடு" என்று சின்னவளிடம் சொன்னாள். "அம்மா படிக்க மாட்டான்னு எழுது."

சின்னவள் எழுதினாள், அனுப்பினாள். மாத்திரையம்மாள் எழுந்திருக்கத் தலையை நிமிர்த்தினாள். எதிரே கணவர் இன்னும் இருபத்து மூன்றாவது புத்தகத்தை மடியில் விரித்தபடி, அவள் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

கண்ணை மூடுவதற்குள் முதல் சொல்லைப் படித்துவிட்டாள்.

'அம்மாவுக்கு' என்று இருந்தது.